வாடிக்கையாளரின் கடவுச்சொல் கடை நோட்டில் இருக்கலாமா? மதுரை வட்டார நெட் சென்டர் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். மதுரை மாநகரிலும் திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் ஆகிய ஊர்களிலும் நெட் சென்டரும் ஜெராக்ஸ் கடையும் நடத்திவருகிற உங்களுக்கும், அங்கே காலை முதல் இரவு வரை அமர்ந்து அப்ளிகேஷன் போட்டுத் தருகிற தம்பி தங்கைகளுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். நான் ஒரு வங்கியில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து, அவற்றில் கடைசிப் பதினோரு ஆண்டுகள் தலைமைக் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்வதே என் பிழைப்பாக இருந்தது. அதனால்தான் உங்கள் கடைகளில் நான் பார்க்கும் ஒரு வழக்கத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல், பி.எஃப். பணம் எடுப்பது, நீட் விண்ணப்பம், அரசுத் தேர்வுப் பதிவு என்று எல்லாமே இணையத்துக்குப் போய்விட்ட இந்தக் காலத்தில், வீட்டில் கணினி இல்லாத குடும்பத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே இருக்கும் பாலம் உங்கள் கடைதான். ஒரு விண்ணப்பத்துக்கு நீங்கள் வாங்கும் கூலி, அதில் நீங்கள் செலவிடும் நேரத்துக்குப் போதாது என்பதும் எனக்குத் தெரியும். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று சர்வர் சுற்றிக்கொண்டே இருக்க, வாசலில் இருபது பேர் நிற்க, நீங்கள் படும் பாட்டை வரிசையில் நின்று நானே பார்த்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு அப்படி ஒரு கடையில் என் முறைக்காகக் காத்திருந்தபோது, மேசையின் காலில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு நீளமான கணக்கு நோட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பெயர், செல் நம்பர், ஆதார் எண், ஜிமெயில் ஐடி, பாஸ்வேர்டு என்று ஐந்து பத்திகளாகப் பிரித்து அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் தன்னுடைய பாஸ்வேர்டு வேண்டுமென்று கேட்டதும், கடைத் தம்பி மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நோட்டுல இருக்கும்ணே, போன வைகாசில போட்டது, பாத்துக்கங்க" என்றார். அவர் விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டித் தன் பெயரைத் தேடினார். தேடும்போது வழியில் வந்த எண்பது தொண்ணூறு பேருடைய விவரங்களும் அவர் கண்ணில் பட்டன. பின்னால் நின்ற என் கண்ணிலும் பட்டன. பக்கம் பக்கமாக ஒரே கடவுச்சொல்தான் எழுதியிருந்தது. கடையின் பெயரும் அதன் பின்னால் ஓர் '@' குறியும் 123-உம். சில வரிகளில் மட்டும் வாடிக்கையாளரின் பெயரில் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் இருந்தன.

இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கேட்டு வருகிறவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்ற அக்கறையில் தொடங்கிய வழக்கம்தான். ஆனால் அந்த அக்கறை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை என் வீட்டிலேயே நான் பார்த்துவிட்டேன்.

உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருக்கிறாள் என் தங்கை. அவளுடைய மகள் 2019-இல் கணிதத்தில் பட்டம் முடித்ததும், அரசுத் தேர்வுக்குப் பதிவு செய்யத் தன் அப்பாவோடு ஒரு மையத்துக்குப் போனாள். அவளிடம் அப்போது சொந்தமாகக் கைபேசி இல்லை, அப்பாவிடம் இருந்த பட்டன் போனுக்குக் கடைக்குள் டவர் கிடைக்கவில்லை. ஓடிபி சீக்கிரம் வரவேண்டுமே என்று கடையில் வேலை பார்த்தவர் தன்னுடைய எண்ணையே கொடுத்து மின்னஞ்சல் கணக்கைத் திறந்தார், தேர்வுப் பதிவையும் அதே எண்ணில் முடித்தார். கடவுச்சொல்லைக் கேட்டதற்கு, நோட்டில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஊரடங்குக்குப் பிறகு அந்தக் கடை மூடப்பட்டு, அந்த இடத்தில் ஒரு பரோட்டா கடை வந்துவிட்டது. நோட்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

பிற்பாடு அவள் எழுதிய ஒரு தேர்வில் தேறினாள். சான்றிதழ்களைப் பதிவேற்றச் சொல்லும் அழைப்பு மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. அது வந்திருப்பதே உடன் படித்த தோழி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது, அப்போது மீதம் ஐந்து நாள். கணக்கை மீட்க முயன்றபோது, இந்த இரண்டு இலக்கத்தில் முடியும் எண்ணுக்குக் குறியீடு அனுப்பட்டுமா என்று திரை கேட்டது. பழைய விண்ணப்ப நகலில் அந்த எண் முழுதாக இருந்தது. நான்தான் அழைத்துப் பேசினேன். எடுத்தவர் வேறு மாவட்டத்துக்காரர், அந்த எண் தன்னிடம் வந்து ஓராண்டு ஆகிறது என்றார். நம் நாட்டில் துண்டிக்கப்பட்ட கைபேசி எண் 90 நாள் கழிந்த பிறகு வேறொருவருக்கு வழங்கப்படலாம். இதுவும் அப்படித்தான் கைமாறியிருக்கிறது. நிலைமையை எடுத்துச் சொல்லி, இப்போது வரும் ஆறு இலக்கத்தைச் சொல்ல முடியுமா என்று கெஞ்சினேன். "ஐயா, தப்பா நினைக்காதீங்க, ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். அவர் செய்தது சரி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஐந்து நாளும் கழிந்தன. அந்த வாய்ப்பு போய்விட்டது.

முன்பின் தெரியாத அந்த மனிதர் மட்டும் நேர்மையற்றவராக இருந்திருந்தால், என் தங்கை மகளின் மின்னஞ்சலுக்குள் அவரால் நுழைந்திருக்க முடியும் என்பதைப் பின்னால் யோசித்தபோதுதான் எனக்கு உறக்கம் போயிற்று. ஏனென்றால் மின்னஞ்சல் என்பது பல சாவிகளில் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. வேறு பல தளங்களில் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்தினால் புதுச் சாவி அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். வீட்டின் மற்ற சாவிகள் எல்லாம் தொங்கும் ஆணி அது.

பெயரில் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் என்ற வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது எங்கிருந்து வந்ததென்று உங்களுக்கே தெரியும். இணையத்திலிருந்து இறக்கும் இ-ஆதார் கோப்பைத் திறக்க, பெயரின் முதல் நான்கு எழுத்தைப் பெரிய ஆங்கில எழுத்தில் இட்டு, பிறந்த ஆண்டைச் சேர்க்க வேண்டும். நாள்தோறும் நூறு முறை அதைத் தட்டிப் பழகிய கை, மின்னஞ்சலுக்கும் பி.எஃப். கணக்குக்கும் அதையே போட்டுவிடுகிறது. ஆனால் ஒருவரின் பெயர் தெரிந்தால், அவர் பிறந்திருக்கக்கூடிய ஆண்டுகள் அறுபதோ எழுபதோதான். ஆதார் நகலைப் பார்த்தவருக்கோ ஒரே முயற்சி போதும். ஜெராக்ஸ் கடையில் ஆதார் நகலைப் பார்க்காதவர் யார்?

வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்பது இதைவிட மோசம். அங்கே ஒரு முறை கணக்குத் திறந்தவர் எவரும், தன் கடவுச்சொல்லைக் கொண்டே அந்தக் கடையின் மற்ற வாடிக்கையாளர் அனைவருடைய கடவுச்சொல்லையும் தெரிந்துகொண்டவர் ஆகிறார். அதோடு, ஏதோ ஒரு தளத்திலிருந்து களவு போன கடவுச்சொல்லை மற்றத் தளங்களிலும் போட்டுப் பார்ப்பது திருடர்களின் அன்றாட வேலை, அதை இயந்திரமே செய்கிறது. 2009-இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திடமிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் திருடுபோயின. அந்த நிறுவனம் அவற்றை மறைத்துவைக்காமல், உங்கள் நோட்டில் இருப்பதைப் போலவே, எழுதியது எழுதியபடி வைத்திருந்தது. அவற்றில் மிக அதிகம் பேர் பயன்படுத்தியது 123456. அந்தப் பட்டியல் இன்றும் கடவுச்சொல் உடைக்கும் மென்பொருள்களுக்குத் தீனியாக இருக்கிறது. ஒழுங்கான நிறுவனம் எதுவும் கடவுச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. அதைத் திரும்பப் பிரிக்க முடியாதபடி அரைத்து, அரைத்த மாவை மட்டும் வைத்துக்கொள்கிறது. நீங்கள் உள்ளே நுழையும்போது தட்டுவதை அதே முறையில் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கிறது. கூகுள் போன்ற நிறுவனத்துக்கே தெரியாத உங்கள் வாடிக்கையாளரின் கடவுச்சொல், மேசைக்கால் நோட்டில் தெரிகிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

வங்கியில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேலாளரிடம், ஒன்று என்னிடம். இரண்டும் சேராமல் கதவு திறக்காது. நான் ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும், சாவிப் பதிவேட்டில் கையெழுத்திட்டு அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் படியிறங்க முடியும். மாற்றுச் சாவிகள் எங்கள் கிளையில் இருக்காது, முத்திரையிட்டு வேறொரு கிளையில் வைத்திருப்பார்கள். வாடிக்கையாளரின் லாக்கருக்கும் அப்படித்தான், அவருடைய சாவி அவரிடம் மட்டுமே இருக்கும். எத்தனையோ வயதானவர்கள், "தம்பி, நீயே வச்சிரு, எனக்குத் தொலைஞ்சுபோகும்" என்று லாக்கர் சாவியை என்னிடம் நீட்டியிருக்கிறார்கள். வாங்கியதில்லை. அவர்கள்மீது அன்பு இல்லாமல் அல்ல. வாங்கிவிட்டால், ஒரு சங்கிலி குறைந்தாலும் நானும் சொல்ல முடியாது, அவர்களும் கேட்க முடியாது என்ற நிலைக்கு இருவரும் வந்துவிடுவோம். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் கைபேசி கொண்டுபோக முடியாது, வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்கிறோம். அங்கே கைபேசியை வாங்கி வைப்பவர் அதன் பூட்டைத் திறக்கும் எண்ணை நம்மிடம் கேட்பதில்லை. பொருளைக் காக்க அது தேவையுமில்லை.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதையும் அறிவேன். கடவுச்சொல்லை வாடிக்கையாளரிடமே விட்டால் அவர் மறந்துவிடுவார், அடுத்த முறை வந்து, "நீங்கதானே போட்டுக் குடுத்தீங்க, உங்ககிட்டதானே இருக்கும்" என்று சண்டைக்கு நிற்பார் என்பீர்கள். உண்மைதான். அதற்கு வழி, மறக்க முடியாதபடி அவர் கையிலேயே கொடுத்து அனுப்புவது. நம் வீடுகளில் ரேஷன் கார்டு தொலைவதில்லை, பட்டா தொலைவதில்லை, பிள்ளையின் டி.சி. தொலைவதில்லை. எல்லாம் ஒரு மஞ்சள் பையில், பீரோவிலோ டிரங்குப் பெட்டியிலோ இருக்கின்றன. ஒரு தடித்த அட்டையில் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் வாடிக்கையாளர் தம் கையாலேயே எழுதி, அந்தப் பைக்குள் போட்டுவைக்கட்டும். கடவுச்சொல்லைத் தாளில் எழுதவே கூடாது என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வீட்டுப் பெட்டியில் இருக்கும் தாளைத் திருட ஒருவன் அந்த வீட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். கடை நோட்டைப் படிக்க வரிசையில் நின்றால் போதும்.

இதைச் சரியாகச் செய்கிற கடையும் உண்டு. திருமங்கலத்தில் ஒரு சிறிய மையத்தில், பி.எஃப். பணத்துக்காக வந்த ஓர் அம்மாளுக்கு மின்னஞ்சல் திறந்துகொடுத்த பெண்ணைப் பார்த்தேன். கடவுச்சொல் கேட்கும் கட்டம் வந்ததும், அவர் விசைப்பலகையை அந்த அம்மாளின் பக்கம் தள்ளிவிட்டுத் தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "அக்கா, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத நாலஞ்சு வார்த்தையா யோசிச்சு, இங்கிலீஷ் எழுத்துல போடுங்க. புள்ள பேரு, சாமி பேரு வேண்டாம். நான் பாக்கல" என்றார். கூட வந்த பேரன் எழுத்து எழுத்தாகத் தட்ட, அந்த அம்மாள் அவன் காதில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மொத்தம் மூன்று நிமிடம் ஆகியிருக்கும். வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை.

அந்தப் பெண் சொன்னது மிக நல்ல முறை. அம்மிக்கல், சைக்கிள், தாழ்ப்பாள், பதினேழு, நாவல் என்பதுபோல் தொடர்பில்லாத ஐந்து சொற்களைச் சேர்த்தால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். அந்தச் சொற்களை மனம்போன போக்கில் எடுக்காமல் குலுக்கலில் எடுத்தால் இன்னும் நல்லது. 1995-இல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு என்பவர் 7,776 சொற்கள் கொண்ட பட்டியலைத் தயாரித்து, பகடையை ஐந்து முறை உருட்டி ஒரு சொல்லை எடுக்கும் முறையை உருவாக்கினார். அப்படி எடுத்த ஐந்து சொற்களை ஊகிக்க வேண்டுமென்றால் சுமார் 2.8 லட்சம் கோடி கோடி சேர்க்கைகளைச் சோதிக்க வேண்டியிருக்கும். அறுபது எழுபது எங்கே, இது எங்கே! நம் ஊரில் ஒருவரைக் கடவுச்சொல் போடச் சொன்னால் மீனாட்சி, முருகன், பாண்டி என்று தொடங்கி 123 என்று முடிப்பார் என்பதை வெளியூர்க்காரன்கூட ஊகித்துவிடுவான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்று, ஒரு பெரிய எழுத்து, ஒரு குறி, ஓர் எண் போடு என்று மக்களை அலைக்கழிப்பதிலும் பயன் குறைவு. அமெரிக்காவின் நிஸ்ட் என்னும் தரநிலை நிறுவனம் 2017-இல் அந்தப் பழைய அறிவுரைகளைக் கைவிட்டது. அவற்றை 2003-இல் எழுதிய பில் பர் என்பவரே, தாம் சொன்னதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகக் கூறினார். களவு போனதாகத் தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். மற்றபடி நீளமாகவும் வேறெங்கும் பயன்படுத்தாததாகவும் இருந்தால் போதும்.

மீட்பு எண்ணாக வாடிக்கையாளரின் சொந்த எண்ணை அல்லது அவர் வீட்டில் ஒருவரின் எண்ணை மட்டுமே கொடுங்கள். கடைக்குள் டவர் இல்லையென்றால் வாசலுக்குப் போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள். அந்த இரண்டு நிமிடத்தை என் தங்கை மகளுக்காக யாரேனும் செலவழித்திருந்தால் இந்த மடலை நான் எழுத நேர்ந்திருக்காது. கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டு, ஆண்டுக்கு இரண்டு முறையாவது அதற்குள் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையை 2023 டிசம்பரில் கூகுள் தொடங்கிவிட்டது.

கடைக் கணினியில் வாடிக்கையாளரின் கணக்கைத் திறக்கும்போது உலாவியின் விருந்தினர் சாளரத்தில் (Guest, மூடியதும் எதையும் நினைவில் வைக்காத சாளரம்) திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்கும் கேள்வியை அமைப்புக்குள் போய் நிரந்தரமாக நிறுத்திவிடலாம். நிறுத்தாத கணினியில் அடுத்தடுத்து உட்காருகிற ஒவ்வொருவருக்கும் முந்தையவரின் பெயரும் கடவுச்சொல்லும் தானாக வந்து நிரம்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடைக்கென்று இருக்கும் இ-சேவை ஐடி, ரீசார்ஜ், பான் அட்டை முகவர் கணக்கு ஆகியவற்றின் கடவுச்சொற்களையும் நோட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்கென்றே கடவுச்சொல் மேலாளர் மென்பொருள்கள் உண்டு. கீபாஸ்எக்ஸ்சி இலவசமானது, எல்லாவற்றையும் பூட்டிய ஒரே கோப்பாக உங்கள் கணினியிலேயே வைத்திருக்கும். பிட்வார்டன் கைபேசியிலும் கணினியிலும் சேர்ந்து இயங்கும், அதிலும் இலவசத் திட்டம் உண்டு. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது அந்தப் பெட்டியைத் திறக்கும் தலைமைக் கடவுச்சொல் ஒன்றைத்தான். ஆனால் அது உறுதியானதாக இருக்க வேண்டும். 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் மேலாளர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களின் நகல்களே களவு போயின. பூட்டு வலுவாக இருந்தவர்களுக்கும் மெலிந்திருந்தவர்களுக்கும் அன்று வித்தியாசம் இருந்தது. கடையில் வேலை பார்க்கும் தம்பி விலகும்போது, அவருக்குத் தெரிந்த கடைக் கடவுச்சொற்களை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். வங்கியில் நாங்கள் சாவிக்குக் கையெழுத்து வாங்கியதும் இதற்குத்தான்.

சட்டத்தைச் சொல்லி உங்களை அச்சுறுத்த நான் எழுதவில்லை. ஆனாலும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் பெறக்கூடிய குற்றம். நோட்டைப் பார்த்து யாரோ செய்த திருட்டுக்கு, விசாரணை முதலில் வந்து நிற்கும் இடம் உங்கள் கடையாகத்தான் இருக்கும். வாடிக்கையாளருக்கும் இழப்பு உண்டு. வங்கிப் பணத்துக்கான ரகசியத்தை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால், அவர் வங்கிக்குப் புகார் செய்யும் வரை ஏற்படும் முழு இழப்பும் அவருடையதே என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை சொல்கிறது. ஆகவே நெட்பேங்கிங் கடவுச்சொல்லை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். பணம் போய்விட்டதாக யாரேனும் அழுதுகொண்டு கடைக்கு வந்தால், வேறு எதையும் செய்வதற்கு முன் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, இப்போது இருக்கிற நோட்டுகள். அவற்றை ஒரே நாளில் கிழித்துப் போடச் சொல்ல மாட்டேன், கிழித்தால் பலர் தங்கள் கணக்கை இழந்துவிடுவார்கள். இன்றே அதை மேசைக்காலிலிருந்து அவிழ்த்து இழுப்பறையில் வைத்துப் பூட்டுங்கள். நோட்டில் உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பேராகத் தொலைபேசியில் சொல்லி, வந்து கடவுச்சொல்லையும் மீட்பு எண்ணையும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மாற்றியவரின் வரியை அவர் கண்முன்னே மையால் அடித்துவிடுங்கள். எல்லா வரியும் அடிபட்ட பிறகு, நோட்டை எடைக்குப் போடாதீர்கள். கீழவாசல் பக்கம் நான் வாங்கிய வறுகடலைப் பொட்டலம் ஒன்று யாரோ ஒருவரின் விண்ணப்ப நகலால் ஆனதாக இருந்தது, ஆதார் எண்ணும் பிறந்த தேதியும் எண்ணெய்க்கறைக்கு நடுவே தெளிவாகத் தெரிந்தன. எரித்துவிடுங்கள், அல்லது ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிவிடுங்கள்.

வரிசையைப் பார்த்துக்கொண்டே இதையும் செய்ய ஆள் இல்லை என்று நினைக்கிற கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அரசரடி, காளவாசல் பகுதியில் எந்த மையம் கேட்டாலும், சனிக்கிழமை காலைகளில் நான் வந்து உட்கார்ந்து, வருகிறவர்கள் தங்கள் அட்டையை எழுதிக்கொள்ள உதவுகிறேன். கடவுச்சொல் தட்டும் நேரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். என் தங்கை மகளும் உசிலம்பட்டிப் பக்கத்துக் கடைகளுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கித் தலைமைக் காசாளர் ஒருவர்,
மதுரை.